காலை ஆறு மணிக்கு வரச் சொல்லி, பன்னிரண்டுக்குக் கூப்பிட்டார்கள்: பையனின் ஹெர்னியா ஆபரேஷன்

எங்கள் பையனுக்கு ஐந்து வயது. அழும்போதும் முக்கும்போதும் தொடை இடுக்கில் ஒரு வீக்கம் வந்து வந்து போகும். ஹெர்னியா, தானாகச் சரியாகாது, ஆபரேஷன்தான், ஆனால் அன்றைக்கே வீட்டுக்குப் போய்விடலாம் என்று வேலூரில் டாக்டர் சொல்லிவிட்டார். ரத்தப் பரிசோதனை, மயக்க மருந்து டாக்டரைப் பார்ப்பது எல்லாம் சிக்கலில்லாமல் முடிந்தது. ஆபரேஷனும் நன்றாகவே நடந்தது. எனக்கு இன்னும் ஆறாதது அந்தப் பட்டினி விஷயம்தான்.

"ராத்திரி பன்னிரண்டுக்கு மேல பச்சைத் தண்ணிகூடக் குடுக்காதீங்க, காலையில ஆறு மணிக்கு வந்துடுங்க." தேதி கொடுத்த கவுண்டரில் இவ்வளவுதான் சொன்னார்கள். மே மாத வேலூரைப் பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஆறு மணிக்குப் போய் உட்கார்ந்தால், பட்டியலில் கைக்குழந்தைகள்தான் முதலில், எங்கள் முறை மதியம் ஆகும் என்றார்கள். எட்டரைக்குப் பையன் "ஆயா, தண்ணி" என்று மாமியார் மடியில் புரள ஆரம்பித்தான். உதடு காய்ந்துவிட்டது. நர்ஸிடம் கேட்டால் "சொன்னா சொன்னதுதாம்மா" என்கிறார்.

ஒன்பது மணிக்கு மயக்க மருந்து டாக்டர் வந்து, கடைசியாகத் தண்ணீர் எப்போது குடித்தான் என்று கேட்டார். ராத்திரி என்றேன். "யார் அப்படிச் சொன்னது?" என்று எங்கள் ஃபைலைப் பிரித்துக் காட்டினார். முன்பு பரிசோதனைக்குப் போனபோதே ஆங்கிலத்தில் கிறுக்கி வைத்திருக்கிறார்கள்: பால், சாப்பாடு ஆறு மணி நேரம் முன்பு வரை, வெறும் தண்ணீர் இரண்டு மணி நேரம் முன்பு வரை. டாக்டர் கிறுக்கலை மருந்துக் கடைக்காரரைத் தவிர யார் படிப்பது? அங்கேயே அரை டம்ளர் தண்ணீர் கொடுக்கச் சொன்னார். குடித்ததும் அவன் முகம் மாறியதைப் பார்த்தபோதுதான் எனக்குக் கோபம் அதிகமானது.

அதனால் தேதி வாங்கும்போதே இரண்டு கேள்வி கேளுங்கள். பட்டியலில் எத்தனையாவது? தண்ணீர் எத்தனை மணி வரை? கவுண்டரில் கேட்காமல் மயக்க மருந்து டாக்டரிடமே கேட்டு, மணியைத் தமிழில் எழுதித் தரச் சொல்லுங்கள். தாய்ப்பால் குடிக்கும் பிள்ளைக்குக் கணக்கு நான்கு மணி நேரமாம். அதற்காக நாமாக இரக்கப்பட்டு எதையும் கொடுத்துவிடவும் கூடாது. மயக்கத்தில் வயிற்றில் இருப்பது மேலே வந்து நுரையீரலுக்குள் போனால் உயிருக்கே ஆபத்து. பக்கத்துக் கட்டிலில் குடியாத்தம் பக்கத்துக் குடும்பம். விடியற்காலையில் பாட்டி அரை டம்ளர் பால் கொடுத்திருக்கிறார், பால் தண்ணீர் மாதிரிதானே என்று. அது வயிற்றில் திரிந்து கெட்டியாகிவிடும் என்று சொல்லி வேறு தேதி கொடுத்து அனுப்பிவிட்டார்கள். பாவம், அந்தப் பாட்டி அழுதுகொண்டே போனார்.

அடுத்தது அரைஞாண் கொடி. வெள்ளிக் கொடியும் தாயத்தும் இடுப்பில் இருக்கக் கூடாது, ரத்தக் கசிவை நிறுத்த மின்சாரக் கருவி வைக்கும்போது உலோகம் பட்டால் சுட்டுவிடும் என்றார்கள். "பொறந்ததுலருந்து கழட்டினதே இல்ல" என்று மாமியார் பிடிவாதம். வார்டு முழுக்க வேடிக்கை பார்த்தது. புண் ஆறியதும் நீங்களே கட்டிவிடுங்கள் அத்தை என்று சொல்லி, கழற்றி அவர் முந்தானையிலேயே முடிந்து கொடுத்தேன். இந்தப் பஞ்சாயத்தை முதல் நாள் வீட்டிலேயே முடித்துவிடுங்கள். நெயில் பாலிஷ், மருதாணி இருந்தாலும் முன்பே சொல்லிவிடுங்கள். விரலில் மாட்டும் ஆக்சிஜன் கிளிப் சரியாகக் காட்டாதாம்.

முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டக் கவுண்டரில் வேறு கூத்து. நாங்கள் ஆற்காடு. 2019-இல் மாவட்டத்தைப் பிரித்ததிலிருந்து ராணிப்பேட்டை. பழைய காப்பீட்டு அட்டையில் வேலூர் மாவட்டம், புது வருமானச் சான்றில் ராணிப்பேட்டை. "அட்ரஸ் ஒத்துப் போகலை, மாத்திட்டு வாங்க" என்று ஃபைலைத் தள்ளிவிட்டார் அந்தத் தம்பி. என் வீட்டுக்காரர் கிளம்பவே எழுந்துவிட்டார். நான் நகரவில்லை, மேலதிகாரி யார் என்று கேட்டேன். வந்த அம்மா அட்டை எண்ணைத் தட்டிப் பார்த்து, ரேஷன் கார்டில் குழந்தை பெயர் இருக்கிறதா என்று மட்டும் கேட்டு, சரி என்று வாங்கிக்கொண்டார். பிள்ளை பெயரை ரேஷன் கார்டில் சேர்க்காதவர்கள் முதலில் அதை முடியுங்கள்.

பையனிடம் பொய் சொல்லவில்லை. முதல் நாள் ராத்திரி, வீக்கத்தைச் சரி செய்யப் போகிறோம், தூங்கும்போது செய்வார்கள், எழுந்தால் அம்மா இருப்பேன் என்று சொன்னேன். ஒரு மாஸ்க்கை வைத்து பைலட் விளையாட்டும் விளையாடினோம். தியேட்டர் வாசலில் அவனே மாஸ்க்கைப் பிடித்துக்கொண்டான் என்று டாக்டர் சொன்னார். ஊசி கீசி என்று பயமுறுத்தும் சொந்தக்காரர்களை மட்டும் போனில்கூட அண்ட விடாதீர்கள்.

யாரும் முன்கூட்டிச் சொல்லாதது, விழித்ததும் நடப்பது. என்னையே அடையாளம் தெரியாமல் கத்தி, உதைத்து, ஊசிக் குழாயைப் பிடுங்கப் பார்த்தான். நான் நடுங்கிவிட்டேன். மயக்கம் தெளியும்போது சில பிள்ளைகள் இப்படிச் செய்வது வழக்கம்தான், கொஞ்ச நேரத்தில் அடங்கிவிடும் என்றார்கள், அப்படியே அடங்கியது. முதுகின் அடியில் வலி மருந்து போட்டிருந்ததால் கால் சில மணி நேரம் துவண்டிருந்தது. இறக்கி விடாதீர்கள், விழுந்துவிடுவான்.

சாயங்காலமே அனுப்பினார்கள். ஆற்காடு வரை பஸ்ஸில் குலுங்க வேண்டாமென்று சத்துவாச்சாரியில் நாத்தனார் வீட்டில் தங்கிவிட்டோம். எலாஸ்டிக் கால்சட்டை தையலில் உரசும், பழைய வேட்டித் துணியைக் கிழித்துச் சுற்றிவிட்டோம். பாராசிட்டமால் எடைக்கு ஏற்ற அளவு, அதையும் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். மறுநாளே ஓட ஆரம்பித்துவிட்டான். கொஞ்ச நாளைக்கு சைக்கிள் கூடாது என்றார்கள். பக்கத்து வீட்டு மொட்டை மாடியில் ஏற்றி வைத்திருக்கிறோம், இன்னும் கண்டுபிடிக்கவில்லை.