லட்சத்தீவு பெர்மிட்: அகத்திக்குக் கிளம்பும் முன் படித்துவிடுங்கள்

லட்சத்தீவுக்கு மூன்று, நான்கு நாள் போய்வர நினைப்பவர்களுக்கு முதலில் ஒரு வார்த்தை. பெர்மிட் கைக்கு வரும்வரை ரீஃபண்ட் இல்லாத டிக்கெட் எதையும் போடாதீர்கள். தீவுவாசி அல்லாத யாராக இருந்தாலும், இந்தியக் குடிமகனே ஆனாலும், 1967-ஆம் ஆண்டு விதிகளின்படி நுழைவு அனுமதி வாங்கித்தான் போக முடியும். எங்களுக்குத் தங்குமிடம் ஒரே போனில் முடிந்தது. இழுத்தடித்தது இந்தப் பெர்மிட்தான். அதைவிட மோசம், பெர்மிட்டுக்காகக் கேட்ட போலீஸ் சான்று.

தீவில் இருக்கும் ஒருவர் ஸ்பான்சராகப் பொறுப்பேற்று, அவர் மூலம் விண்ணப்பிக்கும் வழியில் போனோம். அதற்கு நம் ஊர் போலீஸ் சான்று கேட்டார்கள். ஸ்டேஷனில் விசாரித்தால், "அதெல்லாம் பாஸ்போர்ட் ஆபீஸ்ல வாங்கணும்" என்று அனுப்பிவிட்டார்கள். அங்கே போனால், அவர்கள் தருவது வெளிநாடு போகிறவர்களுக்கான சான்று, இதற்கு உதவாது என்றார்கள். அலைந்தது வீண். தமிழ்நாட்டில் இருப்பவர்கள் செய்ய வேண்டியது, காவல்துறை இணையதளத்தில் தனிநபர் சரிபார்ப்புக்கு விண்ணப்பிப்பது. வேலைக்கான சரிபார்ப்பு, வாடகைதாரர் சரிபார்ப்பு என்று பக்கத்திலேயே வேறு வகைகளும் இருக்கும், மாற்றித் தேர்ந்தெடுத்துவிட வேண்டாம். காரணம் எழுதும் இடத்தில் லட்சத்தீவுப் பயணம் என்று தெளிவாக எழுதுங்கள். இப்போது குடியிருக்கும் முகவரியையே கொடுங்கள். விசாரிக்க வருபவர் பூட்டிய கதவைப் பார்த்துத் திரும்பினால் விண்ணப்பம் அப்படியே கிடக்கும். குடும்பமாகப் போனால் எல்லோருக்கும் ஒரே நாளில் போட்டுவிடுங்கள். ஒருவருடைய சான்று தாமதமானாலும் மொத்தக் குடும்பமும் காத்திருக்க வேண்டியதுதான்.

இந்த அலைச்சல் வேண்டாம் என்றால், தீவு நிர்வாகத்தின் சுற்றுலா அமைப்பான 'ஸ்போர்ட்ஸ்' நடத்தும் பேக்கேஜில் போகலாம். பெர்மிட் வேலையை அவர்களே பார்த்துக்கொள்கிறார்கள். தேதியும் தீவும் அவர்கள் சொல்வதுதான், அது உங்களுக்குச் சரிப்பட வேண்டும்.

அடுத்த சிக்கல் பெயர். ஆதாரில் நம்மவர்களுக்குப் பெயரும் இனிஷியலும் மட்டும்தான் இருக்கும். விமானக் கம்பெனி படிவமோ 'கடைசிப் பெயர்' இல்லாமல் நகராது, அப்பா பெயரை விரித்து எழுத வேண்டியிருக்கும். பெர்மிட்டில் ஒரு மாதிரி, டிக்கெட்டில் ஒரு மாதிரி என்றால் கவுன்ட்டரில் நிறுத்திக் கேள்வி கேட்பார்கள். லட்சத்தீவில் விமானம் இறங்கும் தீவான அகத்திக்குக் கொச்சியில் செக்-இன் செய்யும்போதே பெர்மிட்டைப் பார்க்கிறார்கள். ஆகவே பெர்மிட் விண்ணப்பத்தில் எப்படி எழுதினீர்களோ, அதே எழுத்துகளில் டிக்கெட்டையும் போடுங்கள். பெர்மிட், ஆதார் இரண்டையும் நகலெடுத்து, சில பாஸ்போர்ட் சைஸ் போட்டோக்களோடு கையில் வைத்திருங்கள். போனில் இருக்கும் படத்தை நம்ப வேண்டாம்.

பெர்மிட் வந்ததும் முதலில் பார்க்க வேண்டியது அதில் உள்ள தீவுகளின் பெயர். லட்சத்தீவுக்கு என்று மொத்தமாகத் தருவதில்லை, எந்தத் தீவு, எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை என்று இருக்கும். 36 தீவுகளில் மக்கள் வசிப்பவை 10. அகத்தி மட்டும் எழுதப்பட்ட பெர்மிட்டோடு கவரத்திக்குக் கப்பல் ஏற முடியாது. நாங்கள் நம்பிய ஏஜென்ட் ஒருவர், "அங்கே போய்ச் சேர்த்துக்கலாம்" என்று அலட்சியமாகச் சொன்னார். அதை ஏற்கவே ஏற்காதீர்கள். விடாமல் போன் போட்டு, கிளம்பும் முன்பே இரண்டாவது தீவையும் சேர்க்க வைத்தோம். பங்காரம், தின்னகரா தீவுகளுக்குப் போகும் எண்ணம் இருந்தால் அதையும் விண்ணப்பிக்கும்போதே சொல்லிவிடுங்கள்.

விமானமா, கப்பலா? நாள் குறைவென்றால் விமானம்தான், கொச்சியிலிருந்து ஒன்றரை மணி நேரம். அகத்தி ஓடுபாதை சுமார் 1,200 மீட்டர்தான், ஏடிஆர் போன்ற சிறிய விமானங்கள்தான் இறங்கும். ஓடுபாதை குட்டை என்பதால் எடையில் கறாராக இருப்பார்கள். பெட்டி அடுத்த விமானத்தில் வரவும் வாய்ப்புண்டு. மருந்து, ஒரு செட் உடை, சார்ஜர் மூன்றும் கைப்பையிலேயே இருக்கட்டும்.

கப்பலில் தீவைப் பொறுத்து 14 முதல் 18 மணி நேரம் ஆகும். போகும் டிக்கெட் கிடைத்ததும் நிம்மதியாகிவிடாதீர்கள், திரும்பும் டிக்கெட்டையும் சேர்த்தே உறுதிசெய்யுங்கள். ஆஸ்பத்திரிக்கும் படிப்புக்கும் வந்துபோகும் தீவு மக்களுக்கும் அதே கப்பல்தான், அவர்களுக்குத்தான் அவசரம் அதிகம். பல இடங்களில் கப்பல் கரைக்கு வராது, தீவை ஒட்டிப் பவளப்பாறைக்கு உள்ளே இருக்கும் கடல் (லகூன்) ஆழம் குறைவு. பக்கவாட்டுக் கதவு வழியாகச் சிறு படகுக்கு இறங்க வேண்டும். சக்கரம் வைத்த சூட்கேஸ் அங்கே பெரும் தொல்லை, முதுகில் மாட்டும் பை நல்லது. வயதானவர்களைக் கூட்டிப்போனால் இதை முன்பே யோசித்துக்கொள்ளுங்கள். ஜூன் முதல் செப்டம்பர் வரை கடல் கொந்தளிக்கும். அப்போது குறுகிய பயணமே வேண்டாம்.

இறங்கியதும் தீவுப் போலீஸ் ஸ்டேஷனில் பெர்மிட்டைக் காட்டிப் பதிவு செய்ய வேண்டும். ஐந்து நிமிட வேலை. ரொக்கம் போதுமான அளவு கொண்டுபோங்கள், சிக்னல் போனால் யுபிஐயும் போய்விடும். பங்காரம் தவிர மற்ற தீவுகளில் மது கூடாது, பையிலும் இருக்கக் கூடாது. பவளத் துண்டு எதையும் எடுக்காதீர்கள். 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருப்பது அது, கரையில் ஒதுங்கிக் கிடந்தாலும் தொட வேண்டாம்.

ஸ்கூபா (காற்று சிலிண்டரோடு கடலுக்குள் மூழ்குவது) செய்கிறவர்கள் அதை முதல் நாளிலேயே முடித்துவிடுங்கள். ஒரே ஒரு டைவ் என்றால் விமானம் ஏறுவதற்கு முன் குறைந்தது 12 மணி நேரமும், பலமுறை இறங்கினால் 18 மணி நேரமும் இடைவெளி வேண்டும். உடம்பில் கரைந்த நைட்ரஜன் வெளியேறும் முன் உயரத்துக்குப் போனால் குமிழிகளாகி மூட்டையும் நரம்பையும் தாக்கும். கடைசி நாள் காலையில் டைவ், மதியம் விமானம் என்று சிலர் போட்டுத் தருகிறார்கள். அதற்கு ஒத்துக்கொள்ளாதீர்கள்.

கொச்சியிலிருந்து ஊருக்கு ரயிலை மறுநாளைக்குப் போடுங்கள். வானிலை சரியில்லாமல் அகத்தி விமானம் ரத்தானால் அன்றே மாற்று விமானம் கிடைப்பது கடினம், பெர்மிட் தேதியையும் நீட்டிக்க வேண்டிவரும். அதனால் விண்ணப்பிக்கும்போதே திரும்பும் தேதிக்கு மேல் ஓரிரு நாள் கூடுதலாகக் கேட்டு வாங்கிவிடுங்கள்.