வேன் கதவு சாத்துவதற்கு முன்

மதுரையில் ஒரு கல்யாண சமையல் கான்ட்ராக்டரிடம் 16 வருடமாக சூப்பர்வைசர் வேலை பார்க்கிறேன். எங்கள் தொழிலில் லிஸ்ட் இல்லாமல் ஒன்றும் நகராது. எத்தனை இலை என்று கேட்டுக்கொண்டு மாஸ்டர் சொல்ல ஆரம்பிப்பார், நான் பிள்ளையார் சுழி போட்டு மஞ்சளில் தொடங்கி எழுதுவேன். மளிகைத் தாள் கீழமாசி வீதிக்குப் போகும், காய்கறித் தாள் மாட்டுத்தாவணிக்கு, பாத்திரத்துக்கு, அடுப்புக்கு என்று தனித்தாள். இவ்வளவு எழுதியும், லிஸ்ட் எழுதுவது வேறு, அதை வைத்துச் சரிபார்ப்பது வேறு என்பது எனக்கு விளங்கியது திருமங்கலம் பக்கம் ஒரு மண்டபத்தில்தான்.

600 இலை கல்யாணம். காலை டிபனும் மதியச் சாப்பாடும் எங்கள் பொறுப்பு. ராத்திரி பத்தரைக்குப் போய் இறங்கினோம். அடுப்பு மூன்று இறங்கியது, 19 கிலோ சிலிண்டர் ஆறு இறங்கியது, அண்டா, இட்லிக் கொப்பரை, கிரைண்டர் எல்லாம் இறங்கியது. ரெகுலேட்டர் இல்லை. டியூப் மாற்றுவதற்காக முந்தின நாள் யாரோ பையோடு எடுத்து குடோனில் வேறு ஆணியில் மாட்டியிருக்கிறார்கள், அது அங்கேயே தொங்குகிறது. நான் லிஸ்ட்டை எடுத்துப் பார்த்தேன். ‘ரெகுலேட்டர் 3, டியூப் 3’ என்று என் கையெழுத்தில் இருக்கிறது, பக்கத்தில் டிக்கும் இருக்கிறது.

அந்த டிக்கைப் பற்றி ரொம்ப நாள் யோசித்தேன். ஏமாற்றுவதற்காக அடித்தது இல்லை. வேன் ஏற்றி முடித்து, டிரைவர் அவசரப்படுத்த, எதிர்த்த டீக்கடையில் நின்றுகொண்டு நாற்பது வரியையும் ஒரே மூச்சில் டிக் அடித்தேன், எப்போதும் ஏறுகிற சாமான் இன்றைக்கும் ஏறியிருக்கும் என்று மனசு சொன்னதைக் கை எழுதிவிட்டது. பையன் ஒருவன் பைக்கில் போய் குடோனைத் திறக்கச் சொல்லி எடுத்து வருவதற்குள் மணி பன்னிரண்டரை. மாஸ்டர் திட்டவில்லை, காய் நறுக்குகிறவர்களோடு உட்கார்ந்து நேரத்தைக் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தார். டிபன் தப்பித்தது. காலைக் காபி மட்டும் கால் மணி நேரம் தாமதம், பெண் வீட்டுப் பெரியவர்கள் டம்ளருக்காக வாசலில் நின்ற அந்தக் கால் மணி நேரம் எனக்கு இன்னும் மறக்கவில்லை.

அக்கா மகள் நர்ஸ், ஆபரேஷன் தியேட்டரில் வேலை. நடந்ததை அவளிடம் சொன்னபோது, “மாமா, நீங்க எப்ப டிக் அடிச்சீங்க? பொருளப் பார்த்தா, முடிச்சுட்டு உக்காந்தா?” என்று கேட்டாள். அப்புறம் அவர்கள் தியேட்டரில் நடப்பதைச் சொன்னாள். உலக சுகாதார நிறுவனம் 2008-ல் கொண்டுவந்த ஒரு பட்டியலாம், மொத்தமே 19 வரி. மயக்க மருந்து கொடுப்பதற்கு முன், கத்தி வைப்பதற்கு முன், நோயாளி தியேட்டரை விட்டு வெளியே போவதற்கு முன் என்று மூன்று இடத்தில் வேலையை நிறுத்தி, ஒருவர் சத்தமாகக் கேட்க வேண்டும், அது அது யார் பொறுப்போ அவர் வாய் திறந்து பதில் சொல்ல வேண்டும். பஞ்சு, ஊசி, கருவி எல்லாம் எண்ணிச் சரியாக இருக்கிறது என்று சொன்ன பிறகுதான் நோயாளி வெளியே போவார். டெல்லி உட்பட எட்டு நகர ஆஸ்பத்திரிகளில் இதைச் சோதித்தபோது, ஆபரேஷனுக்குப் பின் இறந்தவர்கள் 1.5 சதவீதத்திலிருந்து 0.8 ஆகக் குறைந்தார்களாம். அங்கே இருந்தவர்கள் எல்லோரும் படித்து அனுபவப்பட்ட டாக்டர்கள்தானே.

விமானக் கதையும் அவள் சொன்னதுதான். 1935 அக்டோபர் 30, அமெரிக்காவில் ஒஹாயோ மாநிலத்தில் போயிங் கம்பெனியின் புது குண்டுவீச்சு விமானத்தைச் சோதித்துப் பார்க்கிறார்கள். ஓட்டியவர் நல்ல தேர்ச்சி உள்ளவர். தரையில் நிற்கும்போது காற்றில் ஆடாமல் இருக்க இறக்கை, வால் பகுதிகளுக்குப் போடும் பூட்டை எடுக்காமலே கிளம்பிவிட்டார்கள், மேலே ஏறிய விமானம் விழுந்து இரண்டு பேர் இறந்தார்கள். அதற்குப் பிறகுதான் அந்த விமானத்துக்குப் பைலட்டுகள் செக்லிஸ்ட் எழுதி வைத்துக்கொண்டு ஓட்டினார்கள். தெரியாததால் வந்த விபத்து இல்லை அது. நன்றாகத் தெரிந்த ஒன்றைத் தெரிந்ததுதானே என்று தாண்டிப் போனதால் வந்தது, என் ரெகுலேட்டர் மாதிரியே.

இப்போது எங்கள் குடோனில் டீக்கடை டிக் கிடையாது. வேன் கதவு சாத்துவதற்கு முன் எல்லோரும் நிற்க வேண்டும். நான் கேட்பேன், ஏற்றினவர் பொருளைத் தொட்டுப் பதில் சொல்வார், அப்புறம்தான் டிக். நாற்பது வரியையும் அப்படிக் கேட்டால் யாருக்கும் பொறுமை இருக்காது என்பதால், மறந்தால் அந்த இடத்தில் வாங்க முடியாததை மட்டும் 12 வரியாக எடுத்து வைத்திருக்கிறேன். கொத்தமல்லியை எந்த ஊரிலும் வாங்கிக்கொள்ளலாம், நடு ராத்திரியில் ரெகுலேட்டரை வாங்க முடியாது. தியேட்டர் பட்டியலில் எல்லோரும் தங்கள் பெயரையும் வேலையையும் சொல்ல வேண்டும் என்று ஒரு வரி இருக்கிறது, அதையும் எடுத்துக்கொண்டேன். முகூர்த்த நாளில் பாதிப் பேர் புது ஆட்கள், பெயர் சொல்லி அறிமுகம் ஆகாதவன் வாய் திறக்கவே மாட்டான்.

வீட்டிலும் அப்படித்தான். வாசல் கதவில் உள்பக்கம் நான்கு வரி: கேஸ் வால்வு, மோட்டார், அம்மா மாத்திரை, சாவி. அம்மாவுக்குக் காலையில் பிரஷர், சுகர் இரண்டுக்கும் மாத்திரை உண்டு. “சாப்பிட்டாச்சா?” என்று கேட்டால் சாப்பிட்டது நேற்றா இன்றா என்று அவருக்கே குழம்பும், அதனால் காலி அட்டையைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டுத்தான் கிளம்புகிறேன். மளிகைக்கும் மற்றதற்கும் என்ன லிஸ்ட் என்று கேட்காதீர்கள், அது என் மனைவியின் கணக்கு, அதில் நான் தலையிடுவதில்லை.

ஆடியில் முகூர்த்தம் இல்லை, குடோன் சும்மா இருக்கும். லிஸ்ட்டைத் திருத்துவதற்கு அந்த மாதம்தான் எனக்கு நேரம். போன வருடத்தில் ஒரு தடவைகூடப் பயன்படாத வரியை அடித்துவிடுவேன், சேர்க்கச் சேர்க்க லிஸ்ட் செத்துப்போகும்.

போன தை மாதம் மேலூர்ப் பக்கம் ஒரு கல்யாணம். வழக்கம்போலக் கேட்டுக்கொண்டு வந்தேன். “ரெகுலேட்டர் மூணு?” என்றேன். அன்றைக்குத்தான் வேலைக்குச் சேர்ந்த பையன், காலையில் பெயர் சொன்னவன், பைக்குள் கையை விட்டு எண்ணிவிட்டு, “இல்லண்ணே, ரெண்டுதான் இருக்கு” என்றான். டிரைவர் இன்ஜினை அணைத்தார். மாஸ்டர் ஒன்றும் சொல்லாமல் இறங்கி, அந்தப் பையனையும் கூட்டிக்கொண்டு குடோனுக்குள் தேடப் போனார்.