ஜியோபாலிமர் கலவையில் ஒரு வாளித் தண்ணீர்

மண்டபம், உச்சிப்புளி பக்கம் வீடு கட்டுகிறவர்களுக்கு சிமெண்ட் விலையைவிடத் தண்ணீர்தான் பெரிய கவலை. பல இடங்களில் போர் போட்டால் உப்புத் தண்ணீர். நல்ல தண்ணீர் லாரியில் வர வேண்டும். கட்டி முடித்த பிறகும் நாள்கணக்கில் நனைத்துக்கொண்டே இருக்க வேண்டும். சிமெண்டுக்குப் பதில் சாம்பலைச் சோடாக் கரைசலால் பிணைத்து அச்சில் வார்க்கும் ஜியோபாலிமர் கல்லின் மேல் எனக்குப் பிடிப்பு வந்தது இதனால்தான். அனல்மின் நிலையச் சாம்பல், இரும்பாலையில் மிஞ்சும் கசடான ஸ்லாக்கின் பொடி, காஸ்டிக் சோடா, சோடியம் சிலிகேட், இவ்வளவுதான். சிமெண்ட் கிடையாது, நனைக்கும் வேலையும் கிடையாது. சாம்பலுக்குத் தூத்துக்குடி இருக்கிறது.

ஆனால் இதைக் கலக்கத் தனிப் பக்குவம் வேண்டும். எங்கள் கொத்தனார் முப்பது வருஷமாக சிமெண்டில் ஊறியவர். கலவை இறுகினால் உடனே, "ஒரு வாளி விட்டா இளகிரும் தம்பி" என்பார். "வேணாம்ணே, இன்னும் கொஞ்ச நேரம் மிஷினை ஓட விடுங்க" என்பேன். சிமெண்ட் தண்ணீரோடு சேர்ந்துதான் இறுகுகிறது, அந்தத் தண்ணீரில் ஒரு பங்கு கல்லுக்குள்ளேயே தங்கிவிடும். இங்கே சோடாக் கரைசல்தான் சாம்பலைக் கரைத்துப் பிணைக்கிறது. கலக்க வசதியாக இருக்கத்தான் தண்ணீர். அது பிறகு வெளியேறிவிடும், போன இடமெல்லாம் நுண்துளை. கூடுதலாக ஒரு வாளி விட்டால் கரைசலும் நீர்த்துப்போகும், துளையும் பெருகும். கடற்காற்று அடிக்கிற ஊரில் துளை என்றால் உப்புக்குத் திறந்துவிட்ட வாசல்.

நேரமும் முக்கியம். ஆஸ்திரேலியாவின் கர்ட்டின் பல்கலைக்கழகத்தில் சாம்பலை மட்டும் வைத்துச் சோதித்தார்கள். 16 நிமிடம் வரை கலக்கக் கலக்க வலிமை கூடியது, இளக்கம் குறைந்தது. அந்தக் கலவை இரண்டு மணி நேரம்கூடக் கையாளும்படி இருந்ததாம். ஆனால் அதைச் சூட்டில் வைத்து இறுக்க வேண்டும், 60 டிகிரியில் ஒரு நாள் என்பது வழக்கமான கணக்கு. நம் யார்டில் அடுப்புக்கு எங்கே போவது? அதனால்தான் ஸ்லாக் சேர்க்கிறோம், வெயில் சூட்டிலேயே இறுகிவிடும். அப்புறம் இரண்டு மணி நேரமெல்லாம் கிடைக்காது. பொடியையும் மணலையும் முதலில் உலர்வாக நன்றாகப் புரட்டி, பிறகு கரைசலை விட்டு, கை ஓயாமல் அச்சில் போட வேண்டும். மதிய வெயிலில் இந்த வேலையை நான் வைத்துக்கொள்வதே இல்லை.

கரைசலை முந்தின நாளே தயார் செய்யுங்கள். சோடாச் செதிலைத் தண்ணீரில் கொஞ்சம் கொஞ்சமாகப் போட வேண்டும். செதிலின் மேல் தண்ணீரை ஊற்றவே கூடாது, கொதித்துத் தெறிக்கும். கரைசலின் அடர்த்தியை மோலார் என்ற அளவில் சொல்வார்கள்; 10 மோலார் என்றால் ஒரு லிட்டர் கரைசலில் 400 கிராம் சோடா. டிரம்மைத் தொட முடியாத அளவு சுடும். அந்தச் சூட்டோடு கலந்தால் ஸ்லாக் கலவை இன்னும் வேகமாக இறுகும். கையுறையும் கண்ணாடியும் இல்லாமல் யாரையும் பக்கத்தில் விடாதீர்கள்.

சில கல்லில் வெள்ளையாகப் பூக்கும். கடல் உப்பு என்றுதான் இங்கே எல்லோரும் நினைக்கிறார்கள். பெரும்பாலும் அது பிணையாமல் மிஞ்சிய சோடா, ஈரத்தோடு மேலே வந்து காற்றுப் பட்டு வெளுத்தது. கச்சான் என்கிற தென்மேற்குக் காற்று வீசும் மாதங்களில் மேற்பரப்பு சீக்கிரம் காய்ந்து வெடிக்கவும் செய்யும். அச்சில் போட்ட கையோடு தார்ப்பாயால் மூடி, ஓரங்களில் கல் வைத்துவிடுங்கள்.