கேமரா நனைந்தால் முதலில் கையைக் கட்டிக்கொள்ளுங்கள்

பயணத்தில் கேமராவுக்கு ஏதாவது ஆகிவிட்டால், அடிபட்ட அந்த நொடியை விட அடுத்த ஐந்து நிமிடத்தில் நம் கை செய்யும் சேதம் பெரிதாகப் போய்விடும். நனைந்த கேமராவை வேலை செய்கிறதா என்று ஆன் செய்து பார்ப்பது, ஈரம் படிந்த லென்ஸைச் சட்டை நுனியால் துடைப்பது, படங்கள் அழிந்துபோன கார்டில் இன்னும் நாலு படம் எடுத்துப் பார்ப்பது எல்லாமே ஒரே ரகம். பதற்றத்தில் கை தானாகப் போகிற திசை பெரும்பாலும் தப்பான திசை. அதனால் இந்தச் சிக்கல்களை வீட்டில் வேண்டுமென்றே உண்டாக்கி, அவிழ்த்துப் பழகிவிட்டால் ஊர் போன இடத்தில் கை நிதானமாக இருக்கும். அப்படிச் செய்து பார்த்தவற்றின் குறிப்புகள் இவை. தண்ணீரில் போடுவதையும் தரையில் போடுவதையும் மட்டும் யாரும் ஒத்திகை பார்க்க வேண்டாம். அவை தாமாகவே வரும்.

அழித்து மீட்டுப் பார்த்தல்

பயன்படுத்தாத ஒரு எஸ்டி கார்டை எடுத்து, கேமராவிலேயே ஃபார்மட் செய்து, 50 படங்கள் எடுங்கள். அவற்றைக் கணினியில் நகலெடுத்து வைத்துக்கொள்ளுங்கள், பிறகு ஒப்பிட வேண்டியிருக்கும். இப்போது கார்டை மறுபடியும் ஃபார்மட் செய்து, அதன்மேல் 10 படங்கள் எடுங்கள். அடுத்து ஃபோட்டோரெக் என்ற இலவச மென்பொருளைக் கொண்டு கார்டைத் துழாவுங்கள். மீட்கப்படும் கோப்புகளை வேறொரு டிரைவில்தான் சேமிக்க வேண்டும். அதே கார்டில் சேமித்தால் மீட்க வந்ததையே மிதித்து அழிப்பதாகிவிடும்.

வழக்கமாகக் கிடைப்பது இதுதான்: பழைய 50-இல் பெரும்பாலானவை திரும்பி வரும். தொலைந்தவை, அந்தப் புதிய 10 படங்கள் எந்த இடத்தில் உட்கார்ந்தனவோ அந்த இடத்தில் இருந்தவை. சாதாரண ஃபார்மட் என்பது புத்தகத்தின் பொருளடக்கத்தைக் கிழித்துப்போடுவது போல. பக்கங்கள் அப்படியே இருக்கும், மேலே வேறொன்று எழுதப்படும் வரை. ஆகவே படம் அழிந்தது தெரிந்த கணமே கார்டை வெளியே எடுத்து, அதன் ஓரத்தில் இருக்கும் சிறிய பூட்டுத் தாழ்ப்பாளைத் தள்ளிவிடுங்கள். மைக்ரோ எஸ்டியில் அந்தத் தாழ்ப்பாள் கிடையாது. அடாப்டரில் மட்டும் இருக்கும்.

மீண்டு வரும் கோப்புகளுக்குப் பழைய பெயர் இருக்காது. ஃபோட்டோரெக் கார்டின் கோப்பு அட்டவணையை நம்புவதில்லை. ஒவ்வொரு கோப்பு வகையின் தொடக்கத்திலும் இருக்கும் அடையாளத்தைத் தேடித் தேடிப் பிடிக்கிறது. ஆனால் படத்துக்குள்ளேயே பதிந்திருக்கும் எடுத்த தேதியும் நேரமும் தப்பியிருக்கும், அதை வைத்து வரிசைப்படுத்திவிடலாம். வீடியோ விஷயத்தில் இவ்வளவு நம்பிக்கை வேண்டாம். பெரிய கோப்பு துண்டு துண்டாகச் சிதறி எழுதப்பட்டிருந்தால், மீட்ட பிறகும் ஓடாது. இன்னொன்று: சில கேமராக்களின் மெனுவில் லோ லெவல் ஃபார்மட் என்று தனியாக இருக்கும். அதைத் தேர்ந்தெடுத்தால் மீட்பதற்கு எதுவும் மிஞ்சாது.

இதே உட்காரலில் கார்டு அசல்தானா என்றும் பார்த்துவிடலாம். போலிக் கார்டு தன்னை 64 ஜிபி என்று சொல்லிக்கொள்ளும், உள்ளே அதில் கால்பங்குகூட இருக்காது. அந்த அளவு நிரம்பும்வரை எல்லாம் சரியாக நடக்கும், அதற்குப் பின் எடுத்தவை திறக்காது. பயணத்தின் மூன்றாம் நாளில் தெரியவரும் தொல்லை இது. விண்டோஸில் ஹெச்2டெஸ்ட்டபிள்யூ, லினக்ஸிலும் மேக்கிலும் எஃப்3 என்ற மென்பொருள்கள் கார்டை முழுக்க நிரப்பி, திரும்பப் படித்து ஒப்பிடும். நொடிக்கு 30 எம்பி வேகத்தில் எழுதினால் 64 ஜிபி நிரம்ப முக்கால் மணி நேரத்துக்குள் முடியும். படித்துப் பார்க்கத் தனி நேரம். புதிய கார்டு எதுவாக இருந்தாலும், கடை எவ்வளவு நம்பகமானதாக இருந்தாலும், இதைச் செய்யாமல் பையில் வைக்கக்கூடாது என்பது என் கட்சி.

ஈரம் படிதல்

இதற்குக் கேமரா தேவையில்லை. லென்ஸின் முன்னால் மாட்டும் கண்ணாடியான யுவி ஃபில்டர், பழையதாக இரண்டு போதும். இரண்டையும் ஏசி அறையில் ஒரு மணி நேரம் வையுங்கள். ஒன்றை அறைக்குள்ளேயே ஜிப் பையில் போட்டு, காற்றைப் பிதுக்கி வெளியேற்றி மூடுங்கள். இரண்டையும் புழுக்கமான வெளிக்காற்றுக்குக் கொண்டு வந்தால், திறந்திருக்கும் ஃபில்டர் உடனே மங்கும். பைக்குள் இருப்பது தெளிவாகவே இருக்கும், நீர் பையின் வெளிப்புறத்தில் முத்து முத்தாகப் படியும்.

காரணம் எளிது. வெளியே 32 டிகிரி வெப்பமும் 75 சதவீத ஈரப்பதமும் இருந்தால், அந்தக் காற்றின் பனிநிலை, அதாவது அதிலுள்ள ஈரம் நீராகப் படியத் தொடங்கும் வெப்பநிலை, சுமார் 27 டிகிரி. அதைவிடக் குளிர்ந்த எந்தப் பரப்பிலும் நீர் படியும். 22 டிகிரி அறையில் இரவு முழுக்கக் கிடந்த லென்ஸ் அந்தக் காற்றுக்கு ஐஸ் தண்ணீர்க் குவளை மாதிரிதான். ஃபில்டர் மெல்லியது என்பதால் சில நிமிடங்களில் சூடாகித் தெளிந்துவிடும். கனமான ஜூம் லென்ஸுக்கு அரை மணி முதல் ஒரு மணி நேரம் பிடிக்கும். துடைத்தால் மறுபடி படியும், கூடவே ஏற்கெனவே கண்ணாடியில் ஒட்டியிருந்த தூசியும் சேர்ந்து தேயும். அந்த நேரத்தில் லென்ஸை மட்டும் கழற்றவே கூடாது. ஈரக்காற்று உள்ளே போய், படத்தைப் பதிவுசெய்யும் குளிர்ந்த சென்சார் மேல் படிந்தால், காய்ந்த பிறகும் புள்ளிகள் நிற்கும்.

விடியற்காலைப் படம் வேண்டுமென்றால், கேமராப் பையை மூடியபடியே ஏசி இல்லாத இடத்தில் ஒரு மணி நேரம் முன்னதாக வைத்துவிடுங்கள். குளியலறை வேண்டாம், பால்கனி நல்லது. பனி கொட்டும் இடங்களில் இது தலைகீழ்: வெளியே போகும்போது சிக்கலில்லை, அறைக்குள் திரும்பும்போதுதான் படியும். பையை மூடும் முன் கார்டை எடுத்துக்கொண்டால், கேமரா சூடாகும் வரை படங்களைக் கணினியில் ஏற்றிக்கொண்டிருக்கலாம். அவசரத்தில் பையைத் திறக்கத் தோன்றும் ஆசைக்கு இதைவிட நல்ல மருந்து இல்லை.

வீட்டில் வைக்கும்போது ஈரப்பதம் 40 முதல் 50 சதவீதம் இருந்தால் லென்ஸில் பூஞ்சை பிடிக்காது. காற்றுப் புகாத டப்பா, சிலிக்கா ஜெல், சின்ன ஈரப்பதமானி ஆகிய மூன்றும் போதும். நீல மணிகள் இளஞ்சிவப்பானாலோ, ஆரஞ்சு மணிகள் பச்சையானாலோ ஈரம் குடித்து நிறைந்துவிட்டன என்று அர்த்தம். ஓவனில் 110–120 டிகிரியில் ஓரிரு மணி நேரம் காயவைத்தால் பழைய நிறத்துக்கு வந்துவிடும். நீல மணிகளில் கோபால்ட் குளோரைடு இருப்பதால், சமையலுக்குப் பயன்படும் தட்டில் அவற்றைக் காயவைக்க வேண்டாம்.

புள்ளி எங்கே இருக்கிறது?

வானத்தில் ஒரே இடத்தில் சாம்பல் நிறப் புள்ளி வந்துகொண்டே இருந்தால் அது சென்சார் தூசி. லென்ஸின் முன்கண்ணாடியில் உள்ள தூசி அப்படித் தெளிவாகப் பதியாது. அதைத் துடைத்துக்கொண்டு நேரத்தை வீணடிப்பவர்கள் ஏராளம். சோதிக்க: ஐஎஸ்ஓ (ஒளியுணர்வு அளவு) 100, அபெர்ச்சர் (லென்ஸில் ஒளி நுழையும் துளை) குறுகலாக எஃப் 16 அல்லது 22, ஃபோகஸை மேனுவலில் வைத்துக் கலைத்துவிட்டு, வெள்ளைச் சுவரையோ மேகமற்ற வானத்தையோ எடுங்கள். ஷட்டர் திறந்திருக்கும்போது கேமரா கொஞ்சம் அசைந்தால் இன்னும் நல்லது. சுவரில் உள்ள கறை இழுபட்டு மறையும், தூசி மட்டும் அசையாமல் நிற்கும். துளை அகலமாகத் திறக்கும் எஃப் 4-இல் அதே தூசி காணாமல் போவதைப் பார்க்கலாம், அதனால்தான் உருவப்படம் எடுப்பவர்களுக்கு இது மாதக்கணக்கில் தெரியாமலே இருக்கும்.

படத்தில் மேலே தெரியும் புள்ளி சென்சாரில் கீழே இருக்கும். இடம் வலம் பற்றித்தான் குழப்பம் வரும். கேமராவை நிமிர்த்தி, லென்ஸ் இல்லாமல், நம்மைப் பார்த்தபடி வைத்துக்கொண்டால் படத்தின் இடப்பக்கப் புள்ளி நமக்கும் இடப்பக்கத்திலேயே இருக்கும். மேல்கீழ் மட்டும் மாறும்.

சுத்தம் செய்வதற்கு முதலில் மெனுவில் சென்சார் கிளீனிங்கைத் தேர்ந்தெடுங்கள், பேட்டரி நிறைய இருக்கட்டும். கேமராவைக் குப்புறப் பிடித்து, ரப்பர் ப்ளோயரால் நாலைந்து முறை ஊதுங்கள். வாயால் ஊதினால் எச்சில் தெறிக்கும். டப்பாவில் அடைத்து விற்கும் அழுத்தக்காற்றில் அதை உந்தித் தள்ளும் திரவமும் சேர்ந்து பீய்ச்சியடித்து, தூசியைவிட மோசமான கறையை விட்டுப்போகும். ஊதியும் போகாத, ஒட்டிய புள்ளிக்குத்தான் ஸ்வாப் என்ற துடைப்புக் குச்சி. ஃபுல் ஃப்ரேம் என்ற பெரிய சென்சாருக்கு 24 மில்லிமீட்டர் அகலம், ஏபிஎஸ்-சி என்ற சிறிய சென்சாருக்கு 16 மில்லிமீட்டர். இரண்டு சொட்டு திரவம், ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரம் வரை ஒரே இழுப்பு, திருப்பி ஒரு இழுப்பு, அவ்வளவுதான். அதே ஸ்வாப்பை இரண்டாம் முறை பயன்படுத்தினால் முதல் முறை எடுத்த மணல் துகளே கீறல் போடும்.

நேற்றிரவின் அமைப்பு

எந்தப் பொருளும் உடையாமல் ஒரு காலைப்பொழுது முழுக்கப் படங்கள் வீணாவது இதனால்தான். இரவில் ட்ரைபாடில் வைத்து எடுத்த அமைப்பு அப்படியே நிற்கும்: ஐஎஸ்ஓ 6400, மேனுவல் ஃபோகஸ், 2 நொடி டைமர், ஸ்டெபிலைசேஷன் ஆஃப், எக்ஸ்போஷர் காம்பன்சேஷன் (வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் அமைப்பு) மைனஸ் 2. இவற்றில் எது எவ்வளவு மன்னிக்கும் என்று ரா கோப்பில் (சென்சார் பதிந்ததை அப்படியே வைத்திருக்கும் கோப்பு) வைத்துப் பார்த்தால் வேறுபாடு தெளிவாகத் தெரியும். தவறான ஒயிட் பேலன்ஸை (வெளிச்சத்தின் நிறத்துக்கேற்ற திருத்தம்) முழுமையாகச் சரிசெய்யலாம். இரண்டு ஸ்டாப், அதாவது கால்பங்கு வெளிச்சத்தில், இருட்டாக எடுத்ததை ஏற்றிவிடலாம், நிழல்களில் நாய்ஸ் என்ற பொடிப்புள்ளிகள் வரும். வெளுத்துப்போன வானம் திரும்பாது. ஃபோகஸ் தவறினால் அந்தப் படம் போனதுதான். ஆகவே காலையில் முதலில் பார்க்க வேண்டியது லென்ஸ் மேல் இருக்கும் ஃபோகஸ் பொத்தான். மற்றவற்றுக்கு, பகல் வெளிச்சத்துக்கான அமைப்பை சி1 என்ற கஸ்டம் மோடில் சேமித்து, இரவில் கேமராவை உள்ளே வைக்கும்போதே டயலை அங்கே திருப்பிவிடுங்கள். காலையில் செய்துகொள்ளலாம் என்று விட்டால் நடக்காது.

கடிகாரம் தவறியிருந்தால் பெரிய இழப்பு இல்லை. செல்பேசித் திரையில் நொடியோடு தெரியும் கடிகாரத்தைக் கேமராவால் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். படத்தில் தெரியும் நேரத்துக்கும் கோப்பில் பதிந்த நேரத்துக்கும் உள்ள வித்தியாசத்தை எக்ஸிஃப்டூல் என்ற மென்பொருளைக் கொண்டு எல்லாப் படங்களுக்கும் ஒரே அடியாகக் கூட்டவோ கழிக்கவோ முடியும். இரண்டு கேமராவோடு போகிறவர்கள் தினமும் இதைச் செய்தால் இரண்டின் படங்களும் வரிசை பிசகாமல் கலக்கும்.

கழலாத ஃபில்டர்

இரண்டு விரலால் அழுத்தித் திருகினால் வளையம் முட்டை வடிவத்துக்கு நசுங்கி மரை இன்னும் இறுகும். விரல்கள் எவ்வளவு பலமாக இருக்கிறதோ அவ்வளவு கெட்டது. அகலமான ரப்பர் பேண்டை வளையத்தைச் சுற்றிப் போட்டு, முழு உள்ளங்கையாலும் சுற்றிலும் ஒரே சீராகப் பிடித்து, மெதுவாகத் திருப்புங்கள். அப்படியும் அசையாவிட்டால், லென்ஸைக் குப்புறக் கவிழ்த்து, வழுக்காத தட்டையான ரப்பர் விரிப்பின்மேல் லேசாக அழுத்தித் திருப்பினால் பெரும்பாலும் விட்டுக்கொடுக்கும். பளபளப்பைக் குறைக்கும் ஃபில்டரான போலரைசரில் முன்வளையம் தனியாகச் சுழலும், பிடிக்க வேண்டியது பின்வளையத்தை.

ஒத்திகை பார்க்க முடியாதவை

தண்ணீர் பட்டால்: ஆஃப், உடனே பேட்டரி வெளியே, பிறகு கார்டு. ஈரத்தில் மின்சாரம் ஓடும்போதுதான் சர்க்யூட் அரிக்கப்படுகிறது. மின்சாரம் இல்லாத ஈரம் பொறுமையாகக் காயக்கூடியது. வெளிப்புறத்தை ஒற்றி எடுங்கள், மூடிகளைத் திறந்து வையுங்கள், சிலிக்கா ஜெல்லோடு காற்றுப் புகாத டப்பாவில் இரண்டு மூன்று நாள் விடுங்கள். ஊர் ஊராகச் சொல்லப்படும் அரிசி வைத்தியம் சிலிக்கா ஜெல்லுக்கு ஈடாகாது, மாவுத்தூசியையும் உள்ளே விடும். ஹேர் டிரையர் நீரை இன்னும் உள்ளே தள்ளும். உப்பு நீர் என்றால் காய்ந்தாலும் உப்பு உள்ளேயே இருந்து அரித்துக்கொண்டிருக்கும். அதை ஆன் செய்யாமல் நேரே பழுதுபார்ப்பவரிடம் கொண்டுபோவதே வழி.

கீழே விழுந்தால், வெளியே கீறல்கூட இல்லாமல் லென்ஸுக்குள் ஒரு கண்ணாடி சாய்ந்திருக்கலாம். செங்கல் சுவர் போல நுணுக்கம் உள்ள தட்டையான பரப்புக்கு நேர் எதிரே ட்ரைபாடில் வைத்து, அபெர்ச்சரை முழுக்கத் திறந்து எடுங்கள். நான்கு மூலைகளையும் நூறு சதவீதத்தில் பாருங்கள். நான்கும் ஒரே அளவு மங்கலாக இருந்தால் அது லென்ஸின் இயல்பு. ஒரு பக்கம் மட்டும் மங்கினால் முதலில் கேமரா சுவருக்கு இணையாக இருந்ததா என்று பார்த்து, கேமராவைத் தலைகீழாக்கி இன்னொரு படம் எடுங்கள். மங்கல் படத்தின் அதே பக்கத்தில் நின்றால் கோளாறு லென்ஸில், சுவரின் அதே பக்கத்தோடு போனால் கேமராவை வைத்த கோணத்தில். இந்தச் சுவர்ப் படத்தைப் பயணத்துக்கு முன்பே ஒன்று எடுத்து வைத்திருந்தால் ஒப்பிட எளிது.

விமானத்துக்கு: உதிரி லித்தியம் பேட்டரிகள் கைப்பையில்தான் வர வேண்டும், முனைகளை மூடியோடோ தனித்தனிப் பையிலோ வையுங்கள். 100 வாட் மணி (பேட்டரி சேமிக்கும் ஆற்றலின் அளவு) வரை தனி அனுமதி தேவையில்லை. 100 முதல் 160 வரை விமான நிறுவனத்தின் அனுமதி வேண்டும், உதிரி இரண்டு மட்டும். கணக்கு இது: மில்லி ஆம்பியர் மணியை வோல்டால் பெருக்கி 1000-ஆல் வகுக்க வேண்டும். 7.2 வோல்ட், 2000 உள்ள கேமரா பேட்டரி 14.4 வாட் மணி. 3.7 வோல்ட், 20,000 உள்ள பவர் பேங்க் 74. அதே வோல்ட்டில் 30,000 என்றால் 111, கவுண்டரில் கேள்வி வரும். பவர் பேங்க் பற்றிச் சில நிறுவனங்கள் இதைவிடக் கடுமையான விதி வைத்திருக்கின்றன, கிளம்பும் முன் அவர்கள் இணையப் பக்கத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். அளவு அச்சிடப்படாத பவர் பேங்கை வீட்டிலேயே விட்டுவிடுவது நல்லது.