ஓம் கொடுத்த இடம்

சம்பவ அறிக்கைப் படிவத்தில் காரணத்தை எழுதுவதற்கு ஒரே ஒரு வரிதான் விட்டிருந்தார்கள். அதில் நான் "பயிலுநர் தவறான கட்டளையை இட்டமை" என்று எழுதிக் கையொப்பமிட்டேன். எழுதியது பொய்யல்ல. ஆனால் 2022இல் எழுதிய அந்த வரி, வேறு வேலையாக இருக்கும்போதும் அவ்வப்போது வந்து என்னைக் குடைந்துவிட்டுப் போகிறது.

கிளிநொச்சியில் எங்கள் பயிற்சி அறையில் இருந்த பன்னிரண்டு கணினிகளிலும் உபுண்டு 20.04 என்ற இயங்குதளத்தைப் போட்டிருந்தோம். அதனுடன் வருவது பைதன் என்ற நிரல் மொழியின் 3.8 பதிப்பு. வட்டக்கச்சியிலிருந்து வந்து படித்த ஒரு பிள்ளை, தன் செயற்றிட்டத்தில் 'மெச்' என்ற கூற்றைப் பயன்படுத்தியிருந்தாள். அந்தக் கூற்று 3.10இல்தான் அறிமுகமானது என்பதால் கணினி அதை ஏற்க மறுத்து, அதே வரியில் வழு இருப்பதாகத் திரும்பத் திரும்பக் காட்டிக்கொண்டிருந்தது. புதிய பதிப்பைப் பழையதற்குப் பக்கத்திலேயே நிறுவிக்கொள்ளலாம், ஒன்றையொன்று தொடாமல் இரண்டும் இருக்கும் என்பதை நான் அவளுக்குச் சொல்லியிருக்கவில்லை. அவளுடைய தகப்பன் தண்ணீர்ப் பம்பு திருத்துபவர். தேய்ந்த வாசரைக் கழற்றாமல் புதியதைப் போட முடியாது என்பது அவள் வீட்டில் பார்த்து வளர்ந்த விடயம். ஆகவே அவள் முதலில் பழைய பைதனைக் கழற்றினாள்: சூடூ ஆப்ட் றிமூவ் பைதன்3.

(அந்த முதற் சொல்லை வகுப்பில் நான் நீட்டியே உச்சரிப்பேன். முதல் நாள் குறுக்கிச் சொன்னபோது அது தமிழில் வேறொரு கட்டளையாக ஒலித்துவிட்டது. பிள்ளைகள் சிரித்தார்கள், பின்வரிசையில் இருந்த வயது கூடிய ஒருவர் மட்டும் சிரிக்கவில்லை.)

மென்பொருட் பொதிகளை நிறுவவும் அகற்றவும் பயன்படும் கருவியான ஆப்ட், ஒரு பொதியை நிறுவும்போது அதற்குத் தேவையான மற்றப் பொதிகளையும் தானே தேடிக்கொண்டு வரும் என்பதைத்தான் நாங்கள் எல்லோரும் பெருமையாகச் சொல்லிக்கொடுக்கிறோம். அதே கணக்கு அகற்றும்போது மறுபக்கமாக ஓடும் என்பதை, அதாவது ஒரு பொதியை எடுத்தால் அதில் தங்கியிருக்கும் அத்தனை பொதிகளும் சேர்ந்து போகும் என்பதை, நேரம் இருந்தால் சொல்கிறோம். உபுண்டுவின் அமைப்புக் கருவிகள் பலவும் பைதனில் எழுதப்பட்டவை. கணினி அவளிடம் எதையும் மறைக்கவில்லை. அகற்றப்படப்போகும் பொதிகளின் பெயர்களைத் திரை நிறைய அடுக்கியது. உபுண்டு டெஸ்க்டொப் என்ற பெயரும் அதற்குள் இருந்தது. அதன் பிறகு, தொடரவா என்று கேட்டது. அவள் ஓம் என்பதற்குரிய 'வை' என்ற ஆங்கில எழுத்தை அடித்து என்ரர் தட்டினாள். கணினியை நிறுத்தித் திரும்பப் போட்டபோது படமும் இல்லை, பட்டியும் இல்லை. கறுப்புத் திரையில் பயனர் பெயரைக் கேட்கும் வெள்ளை எழுத்து மட்டும் நின்றது.

"வாசிக்காமலோ பிள்ளை குடுத்தனீங்கள்?" என்று நான் கேட்டேன். மற்றவர்கள் சுற்றி நின்றார்கள், என் குரல் கொஞ்சம் உயர்ந்துதான் இருந்தது.

"நீங்கள்தானே சேர் சொன்னனீங்கள், கேக்கிற இடத்தில வை குடுக்கச் சொல்லி."

"அது இன்ஸ்டோல் பண்ணேக்கை."

"ரெண்டுக்கும் ஒரே கேள்விதானே சேர் கேக்குது."

அவள் எதிர்த்துப் பேசவில்லை, உண்மையிலேயே விளங்காமல்தான் சொன்னாள். எனக்குப் பதில் வரவில்லை. அன்றிரவு வீட்டில் என் மடிக்கணினியில் இரண்டையும் செய்து பார்த்தேன். அகற்றும் கட்டளையைக் கடைசிக் கேள்வி வரை கொண்டுபோய், அங்கே இல்லை என்பதற்குரிய 'என்' என்ற ஆங்கில எழுத்தை அடித்து நிறுத்தினேன். அவள் சொன்னது சரி. கேள்வியில் ஒரு எழுத்துக்கூட மாறவில்லை. அடைப்புக்குறிக்குள் 'வை' பெரிய எழுத்தாகவும் 'என்' சின்ன எழுத்தாகவும் இருந்தன. ஒன்றும் எழுதாமல் என்ரரை மட்டும் தட்டியிருந்தாலும் அது ஓம் என்றே எடுக்கப்பட்டிருக்கும். வேறுபாடெல்லாம் கேள்விக்கு மேலே உள்ள வரிகளில்தான். நிறுவும்போது வட்டில் இவ்வளவு இடம் 'யூஸ்ட்' (பயன்படும்) என்று முடிந்த வரி, அகற்றும்போது 'ப்றீட்' (விடுபடும்) என்று முடிந்தது. பெயர்ப் பட்டியலின் தலைப்பில் 'றிமூவ்ட்' (அகற்றப்படும்) என்ற சொல் பெரிய எழுத்துகளில் வந்தது என்பதும் உண்மைதான். ஆனால் அந்த வரிகளைப் பார்க்க வேண்டும் என்று நான் ஒரு நாளும் சொன்னதில்லை. நான் காட்டியது கடைசி வரியை மட்டும்.

ஏன் அப்படிச் சொல்லிக்கொடுத்தேன் என்பதற்கு என்னிடம் நியாயம் இருக்கிறது, அது சாட்டு அல்ல என்றே இன்னும் நினைக்கிறேன். முதல் வாரங்களில் ஆங்கில வரிகள் திரையில் ஓடத் தொடங்கினாலே பாதிப் பேர் விசைப்பலகையிலிருந்து கையை எடுத்துவிடுவார்கள். ஏதோ பிழை செய்துவிட்டோம், கணினி ஏசுகிறது என்ற பயம். அந்தப் பயத்தைப் போக்காமல் அடுத்த பாடத்துக்குப் போக முடியாது. அத்துடன் அது மின்வெட்டு நேர அட்டவணையைச் சுவரில் ஒட்டி வைத்துக்கொண்டு வகுப்பு நடத்திய ஆண்டு. நிறுவல் நடுவில் இருக்கும்போது கறண்ட் போனால் அரைகுறையாக நிற்கும் பொதிகளை டீபிகேஜி என்ற கட்டளையைக் கொண்டு திரும்பச் சீராக்கவேண்டும். பன்னிரண்டு கணினியில் அதைச் செய்தவனுக்குத்தான் அந்தக் களைப்புத் தெரியும். "அது கேட்டால் பயப்பிடாதேங்கோ, ஓம் எண்டு குடுங்கோ" என்று நான் சொன்னது அப்படிப்பட்ட நாட்களில்.

இன்னொரு நியாயமும் உண்டு. வாசித்திருந்தால் மட்டும் தப்பியிருப்பாளா? 2021 நவம்பரில் லைனஸ் செபஸ்டியன் என்ற பிரபல கணினிக் காணொளியாளர், உபுண்டுவைத் தழுவிய பொப் ஓஎஸ் என்ற இயங்குதளத்தில் ஸ்டீம் என்ற விளையாட்டு மென்பொருளை நிறுவப் போய்த் தன் டெஸ்க்டொப் முழுவதையும் இழந்ததை உலகமே பார்த்தது. அத்தியாவசியப் பொதிகளை அகற்ற நேர்ந்தால் அப்போதைய ஆப்ட் வெறும் 'வை'யுடன் விடவில்லை, 'ஓம், நான் சொல்வதைச் செய்' என்று பொருள்படும் ஆங்கில வசனத்தை முழுதாக எழுதித்தரச் சொன்னது. அவர் அதை எழுத்துப் பிசகாமல் எழுதிக்கொடுத்தார். ஆங்கிலம் தாய்மொழி, கணினியே தொழில். உபுண்டுவில் பைதன்3 அந்த அத்தியாவசியப் பட்டியலில் இல்லாததால் எங்கள் பிள்ளைக்கு அந்தத் தடைகூட வரவில்லை. இதை நினைத்து நான் ஆறுதல்பட்ட நாட்களும் உண்டு. ஆனால் அவர் தன் கணினியில் தானாகச் செய்தார். அவருக்கு ஓம் கொடுக்கப் பழக்கியவர் எவரும் பக்கத்தில் நின்று ஏன் வாசிக்கவில்லை என்று ஏசவில்லை.

திருத்துவது பெரிய வேலையாக இருக்கவில்லை. பென்டிரைவிலிருந்து கணினியை எழுப்பி அவளுடைய கோப்புகளைப் பிரதியெடுத்தேன். பொதிகள் போனாலும் வீட்டுக் கோப்புறையில் எதுவும் தொலைந்திருக்கவில்லை, அதை அறியாமல்தான் அவள் அதுவரை அழுதுகொண்டிருந்தாள். பிறகு புதிதாக நிறுவினேன். அழிக்கும் முன்பு ஆப்ட்டின் வரலாற்றுக் கோப்பைத் திறந்து பார்த்தேன். இட்ட கட்டளை, நேரம், கேட்ட பயனரின் பெயர், அகற்றப்பட்டவற்றின் நீண்ட பட்டியல், எல்லாம் ஒழுங்காக இருந்தன. கணினி ஒரு கேள்வி கேட்டது என்பதோ அதற்கு ஓம் கொடுக்கப்பட்டது என்பதோ அதில் இல்லை. அதைப் பார்த்துத்தான் நான் அறிக்கை எழுதினேன்.

என் பக்கத்திலும் பிழை இருக்கிறது என்று பொறுப்பாளரிடம் வாயால் சொன்னேன். அவர் மறுக்கவில்லை. "ஒரு வரிதானே இருக்கு, சுருக்கமா எழுதுங்கோ" என்றார். சுருக்கமாக எழுதும்போது எந்தப் பாதி விடுபடும் என்பதை அவர் தீர்மானிக்கவில்லை, நான்தான் தீர்மானித்தேன். படிவத்தின் அடியில் பயிலுநரின் கையொப்பத்துக்கும் இடமிருந்தது. இம்முறை எழுத்துகள் தமிழில்தான் இருந்தன, அவள் வாசித்திருக்கலாம். நான் விரல் வைத்துக் காட்டிய இடத்தில் அவள் ஒப்பமிட்டாள். வாசித்துப் பாருங்கள் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

அதற்குப் பிறகு மேலே உள்ள வரிகளை வாசிக்கும்படி ஒவ்வொரு தொகுதிக்கும் சொல்கிறேன். என் சொந்தக் கணினியில் நிறுவும்போது, அந்தக் கேள்வியே வராதபடி கட்டளையிலேயே வையைச் சேர்த்து அடிக்கிறேன், கை பழகிவிட்டது.

அந்தப் பிள்ளை பயிற்சியை நன்றாகவே முடித்தாள். ஆனால் கடைசி நாள் வரைக்கும், திரையில் அந்தக் கேள்வி வந்த ஒவ்வொரு தடவையும் விசைப்பலகையிலிருந்து கையை எடுத்துவிட்டு, "சேர், ஓம் எண்டு குடுக்கவோ?" என்று கூப்பிடுவாள். நான் பெரும்பாலும் வேறொருவரின் மேசையில் குனிந்து நிற்பேன். "ஓம், குடுங்கோ" என்று அங்கிருந்தபடியே சொல்வேன்.