மூச்சு முட்டுது மிஸ்

"வாயை மூடினா மூச்சு முட்டுது மிஸ்."

வாயைத் திறந்தே வைத்து மூச்சுவிடும், நாக்கால் பல்லைத் தள்ளும் பிள்ளைகளுக்கு உதட்டுக்கும் நாக்குக்கும் பயிற்சி கொடுப்பது என் வேலை. அப்படி வந்த ஒரு பையன், மூன்றாவது வாரம், உதட்டுப் பயிற்சிக்கு நடுவில் சொன்னது இது. "பழகினா சரியாயிடும்டா கண்ணா, இன்னும் 30 எண்ணு" என்றேன். அந்தப் பதில்தான் இன்னும் உறுத்துகிறது.

ஐஸ் குச்சியைப் பல்லில் கடிக்காமல் உதட்டால் மட்டும் பிடிக்க வேண்டும். அவன் பிடித்தபோது மோவாய்த் தோல் குழி குழியாகச் சுருங்கியது. உதடு தானாக மூடவில்லை, மோவாய்த் தசை கீழிருந்து முட்டுக்கொடுக்கிறது என்று அர்த்தம். உதட்டில் பலமில்லை என்று குறித்துக்கொண்டு நேரத்தைக் கூட்டினேன்.

சோதிக்காமல் தொடங்கவில்லை. மூக்கடியில் வைத்த கண்ணாடியில் இரண்டு பக்கமும் ஆவி படிந்தது. ஆனால் அது நாலு மூச்சுக்கான சோதனை. ஒரு வாய்த் தண்ணீரை விழுங்காமல் வைத்து, 2 நிமிடம் மூக்கால் மட்டும் மூச்சுவிடச் சொல்லியிருந்தால் அன்றே தெரிந்திருக்கும். குறட்டை உண்டா, தலையணை நனைகிறதா என்று அவன் அம்மாவிடமும் கேட்கவில்லை. பிறகு காது மூக்கு தொண்டை மருத்துவர் பார்த்தபோது, அடினாய்டு சதை மூக்கின் பின்வழியைப் பெரும்பாலும் அடைத்திருந்தது.

என் பக்கமும் நியாயம் உண்டு. முட்டுகிறது என்று சொல்லாத பிள்ளை அபூர்வம். நாக்கு கீழேயே கிடந்து பழகியிருக்கும். நுனியை மேல் முன்பல்லுக்குப் பின்னாலுள்ள மேட்டில் வைத்து, முழு நாக்கையும் அண்ணத்தில் ஒட்டி 'டொக்' என்று சொடுக்கவே சிலருக்கு வாரக்கணக்காகும். அடுத்து, சின்ன ரப்பர் வளையத்தை நாக்கு நுனியில் வைத்து அதே மேட்டில் அழுத்தி, பல் சேர்த்து, உதடு விரித்து எச்சில் விழுங்குவது. பெரியவர் பக்கத்தில் இல்லாமல் இதைச் செய்யக் கூடாது. வளையம் முன்னால் நழுவினால் நாக்கு இன்னும் பல்லைத் தள்ளுகிறது. தினமும் இரண்டு வேளை, ஐந்து ஐந்து நிமிடம், மாதக்கணக்கில். முணுமுணுப்புக்கெல்லாம் நிறுத்தினால் எந்தப் பழக்கமும் மாறாது.

இப்போது தண்ணீர்ச் சோதனையைத் தாண்டாத பிள்ளைக்குக் குச்சி கொடுப்பதில்லை. அதுவும் முழுக்கச் சரியென்று சொல்ல முடியவில்லை. மூக்கு சுத்தமாக இருந்தும், வெறும் பழக்கத்தால் தண்ணீரைத் துப்பிய ஒரு சிறுமியை மருத்துவருக்காக வாரக்கணக்கில் காக்க வைத்துவிட்டேன்.

அந்தப் பையனுக்கு அறுவை முடிந்து மூக்கு திறந்தும் வாய் மூடவில்லை. அதே குச்சிதான் மறுபடி தேவைப்பட்டது. பயிற்சி தப்பில்லை, வரிசைதான் தப்பு என்று சொல்லிக்கொள்கிறேன். ஆனால் அன்று அவன் 30 எண்ணும்போது இரண்டு நாசியும் விரிந்து விரிந்து சுருங்கின. அதையும் நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.