பாஸ்வேர்டில் தவறே இல்லை: மைஎஸ்க்யூஎல் டெர்மினலில் பட்ட பாடு

1045 என்ற எண்ணோடு ‘அக்சஸ் டினைட்’ (அனுமதி இல்லை) என்று மைஎஸ்க்யூஎல் என்ற டேட்டாபேஸ் சாஃப்ட்வேர் சொன்னால், பாஸ்வேர்டை மாற்ற உடனே கிளம்பிவிடாதீர்கள். அதைச் சொல்வது எந்த சர்வர் என்று முதலில் பாருங்கள். இதை யோசிக்காத ஒரு சப்போர்ட் டீமால், புத்தகக் காட்சி நெருங்கும் நேரத்தில் எனக்கு ஒரு வேலைநாள் முழுக்க வீணானது. இன்னும் ஆறவில்லை.

திருவல்லிக்கேணியில் ஒரு பதிப்பகத்தின் ஸ்டாக் கணக்கைப் பார்த்துக்கொள்கிறேன். நந்தனம் ஒய்எம்சிஏ மைதானத்துக்கு எந்தப் புத்தகத்தில் எத்தனை பிரதி அனுப்புவது என்று முடிவு செய்ய, குடோன் இருப்புப் பட்டியல் வேண்டும். பில்லிங் சாஃப்ட்வேரில் அந்த ரிப்போர்ட் பாதியிலேயே நின்றுவிட்டது. கம்பெனியில் கேட்டால், “எஸ்எஸ்எச் டனல் போட்டுத் தர்றோம் சார், டெர்மினல்ல நீங்களே குவெரி போட்டு எடுத்துக்கோங்க” என்று ஒரு வழிமுறைத் தாளை அனுப்பினார்கள். டெர்மினல் என்பது கட்டளைகளை அடிக்கும் திரை, குவெரி என்பது டேட்டாபேஸிடம் கேட்கும் கேள்வி.

டனல், அதாவது என் லேப்டாப்பிலிருந்து அவர்கள் சர்வருக்குப் போகும் பாதுகாப்பான வழி, ஒரே வரியில் திறந்தது. இந்தப் பக்கம் என் லேப்டாப்பின் 3307 போர்ட் (இணைப்பு வாசல்), அந்தப் பக்கம் சர்வரின் 3306. அடுத்த வரியில்தான் வில்லங்கம். ஹோஸ்ட் (இணைய வேண்டிய மெஷின்) ‘லோக்கல்ஹோஸ்ட்’, அதாவது இதே மெஷின், போர்ட் 3307 என்று தாளில் இருந்ததை அப்படியே அடித்தேன். அக்சஸ் டினைட்.

“பாஸ்வேர்ட் தப்பா அடிக்கிறீங்க சார். எங்க சிஸ்டத்துல வருதே.”

“காப்பி பேஸ்ட் பண்ணித்தான் தம்பி போடுறேன். ஒரு தடவ உங்க தாளைச் சரி பாருங்க.”

பார்க்கவில்லை. பாஸ்வேர்டை மாற்ற வேண்டுமானால் லெட்டர்ஹெட்டில் சீல் வைத்து நேரில் கொண்டு வரச் சொன்னார்கள். பறக்கும் ரயிலில் பெருங்குடி, அங்கிருந்து ஷேர் ஆட்டோவில் ஓஎம்ஆர். போனால், மாற்றித் தர வேண்டியவர் லீவு. முன்மேசையில் கடிதத்தை வாங்கி வைத்துக்கொண்டு, “நாளைக்கு மெயில் வரும்” என்றார்கள். வந்தது. புதுப் பாஸ்வேர்டுக்கும் அதே 1045.

எரிச்சலில் டனலை மூடிவிட்டு அதே வரியை மறுபடி அடித்துப் பார்த்தேன். அப்போதும் அதே பதில்! வழியே மூடிக் கிடக்கும்போது பதில் சொல்வது யார்? பழகுவதற்காக என் உபுண்டு லேப்டாப்பில் எப்போதோ போட்டு வைத்திருந்த மைஎஸ்க்யூஎல்தான். லினக்ஸில் ‘லோக்கல்ஹோஸ்ட்’ என்று கொடுத்தால், மைஎஸ்க்யூஎல் கிளையன்ட் நெட்வொர்க் பக்கமே போகாது. சொந்த மெஷினுக்குள்ளேயே இருக்கும் இணைப்பு வாசலான சாக்கெட் ஃபைல் வழியாக உள்ளே நுழையும். நீங்கள் கொடுத்த போர்ட் எண்ணைக் கண்டுகொள்ளாது. விண்டோஸில் அதே பெயர் டிசிபி, அதாவது நெட்வொர்க் வழியாகப் போகும் என்பதால் அவர்கள் ஆபீஸில் அந்தத் தாள் சரியாகவே வேலை செய்திருக்கிறது. ஹோஸ்டை 127.0.0.1 என்று மாற்றினேன். இதுவும் சொந்த மெஷின்தான், ஆனால் எண்ணாகக் கொடுத்தால் டிசிபி வழியாக, சொன்ன போர்ட்டுக்கே போகும். உள்ளே போய்விட்டது. அந்த நிமிடம் எனக்கு வந்த நிம்மதியைச் சொல்லி முடியாது.

உள்ளே போனதும் ‘ஸ்டேட்டஸ்’ என்று அடித்துப் பாருங்கள். சாக்கெட் வழியாக வந்தீர்களா, டிசிபி வழியாகவா, சர்வர் எந்த வெர்ஷன் என்று எல்லாம் அதில் தெரியும். இங்கே சர்வர் 5.7, என் கிளையன்ட் 8.0. அடுத்த சிக்கலுக்குக் காரணம் இந்த வெர்ஷன் வித்தியாசம்தான்.

டேட்டாவைப் படித்துக் காட்டும் ‘செலக்ட்’ குவெரியை முதல் முறை போட்டதுமே தமிழ்த் தலைப்புகள் எல்லாம் வரிசையாகக் கேள்விக்குறிகள். வயிற்றைக் கலக்கியது. போனில் கேட்டால், “டேட்டா கரப்ட் ஆயிருக்கும் சார், பேக்கப்ல இருந்து ரீஸ்டோர் பண்ணணும், தனி சார்ஜ்.” ஒப்புக்கொள்ளாதது நல்லதாயிற்று. 8.0 கிளையன்ட் சொல்லும் புதுக் கொலேஷன் (எழுத்துகளை ஒப்பிடும், வரிசைப்படுத்தும் விதி) 5.7 சர்வருக்குத் தெரியாது. உடனே சர்வர் தன் டிஃபால்ட் எழுத்துத் தொகுப்பான லத்தீன்1-க்கு இறங்கிவிடும். லத்தீன்1-இல் தமிழ் எழுத்துக்கு இடமே கிடையாது, அதனால்தான் கேள்விக்குறி. எல்லா மொழி எழுத்துகளையும் தாங்கும் தொகுப்பைக் கேட்டு ‘செட் நேம்ஸ் யூடிஎஃப்8எம்பி4’ (SET NAMES utf8mb4) என்று ஒரு வரி போட்டதும் அத்தனை தலைப்பும் பளிச்சென்று வந்தன. டேட்டாவுக்கு ஒரு குறையும் இல்லை. சந்தேகம் வந்தால் தலைப்பு நெடுவரிசையை, சேமித்த பைட்டுகளை அப்படியே காட்டும் ‘ஹெக்ஸ்’ ஃபங்ஷனில் போட்டுப் பாருங்கள். தமிழ் எழுத்துகள் உள்ளபடி இருந்தால் இ0 ஏஇ (E0 AE), இ0 ஏஎஃப் (E0 AF) என்று தொடங்கும் மும்மூன்று பைட்டுகளாகத் தெரியும். கேள்விக்குறியாகவே சேமிக்கப்பட்டிருந்தால் வெறும் 3எஃப் (3F) வரும். இதைப் பார்க்காமல் யாருக்கும் ரீஸ்டோருக்குப் பணம் கட்டாதீர்கள்.

இன்னொன்று. அவர்கள் வாட்ஸ்அப்பில் அனுப்பிய குவெரியை ஒட்டினால் 1064, சின்டாக்ஸ் எரர். மேற்கோள் குறிகள் வளைந்த குறிகளாக மாறி வந்திருந்தன. நேர்க்குறிகளாகத் திருத்தியதும் ஓடியது. குவெரியை டெக்ஸ்ட் ஃபைலாக அனுப்பச் சொல்லுங்கள்.

அப்புறம், பட்டியலை வெளியே எடுக்கும்போது பேட்ச் மோடில் (உள்ளே போகாமல், குவெரியை ஒரே கட்டளையாகக் கொடுப்பது) ஓட்டுங்கள், நெடுவரிசைகள் டேப் பிரித்து வரும், லிப்ரெஆபீஸில் அப்படியே திறக்கலாம். ஆனால் அது புது கனெக்‌ஷன். செட் நேம்ஸ் வரியைக் குவெரிக்கு முன்னால் அங்கேயும் சேர்க்க வேண்டும், இல்லாவிட்டால் ஃபைல் முழுக்க மறுபடி கேள்விக்குறிதான்.

டேட்டாபேஸில் நுழைய யூசர் கணக்கு கேட்கும்போதே, செலக்ட் (படிக்கும்) உரிமை மட்டும் உள்ள யூசராகக் கேட்டு வாங்குங்கள். எனக்குக் கொடுத்ததில் டெலீட்கூட இருந்தது. பில் போட்டுக்கொண்டிருக்கும் கடையின் டேட்டாவை இப்படியா திறந்து வைப்பது? நானே சொல்லி அதைக் குறைக்க வைத்தேன்.

பட்டியல் அன்று மாலையே குடோனுக்குப் போய்விட்டது. தாளில் ‘லோக்கல்ஹோஸ்ட்’ என்பதை 127.0.0.1 என்று திருத்தச் சொல்லி கம்பெனிக்கு மெயில் போட்டிருக்கிறேன். இதுவரை பதில் இல்லை.